யார் வீட்டுத் தண்ணீர்

கீழ் வீட்டு சீலிங் ஒழுகுகிறது என்று இந்த வாரம் முழுக்க எங்களுக்குத் தண்ணீர் இல்லை. நிறுத்தியது மனிதர் யாருமில்லை, ஹால் சுவரில் பதித்திருக்கும் பொறுப்புப் பெட்டி. எங்கே ஈரம் கண்டாலும் அதற்கு மேலே குடியிருப்பவர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடும்.

"சுவருக்குள்ள பைப் உடைஞ்சிருக்கு. ஹவுஸ் ஓனரைக் கேளு" என்று தொண்டை வறளக் கத்திவிட்டேன்.

"உரிமையாளர் இங்கே குடியிருக்கவில்லை. குடியிருக்காதவரால் ஈரம் உண்டாகாது" என்றது பெட்டி.

கீழ் வீட்டு பிலோமினா அக்கா நிறைந்த வாளியோடு மேலே வந்தார். சண்டைக்குத்தான்.

"என் கட்டில் மேல சொட்டினது. உன் தண்ணியை நீயே வெச்சுக்க."

நான் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினேன். காற்றுதான் வந்தது. என் இடுப்பிலிருந்த மகள் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு அழுதாள்.

அக்கா குழாயையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கே தண்ணி வரலன்னா, என் தலையில ஒழுகுறது எவன் வீட்டுத் தண்ணி?"

அக்கா வாளியைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார்.

"முதல்ல புள்ளைக்கு ஊத்து."

முதல் குவளையை ஊற்றியதுமே ஹாலிலிருந்து குரல் வந்தது.

"ஒழுகிய நீரைப் பெற்றுப் பயன்படுத்துகிறீர்கள். அது உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்யப்பட்டது. விசாரணை முடிந்தது."

அக்கா பெட்டி இருந்த பக்கம் முறைத்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வீட்ல சுத்தியல் வெச்சிருக்கியா?"