நடுவழியில் நிற்காத பெட்ரோல்

மதுரையில் மோட்டார் சைக்கிள்களை விரல்விட்டு எண்ணிய காலம். அலங்காநல்லூர் உக்கிரபாண்டி காலி டின்னோடு கோரிப்பாளையம் பெட்ரோல் கடைக்கு வந்தார்.

“தம்பி, பேரையூர் மாப்ளையோட மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் வேணும்.”

“சாதாவா, ஒசத்தியாண்ணே?” என்றான் கடைக்கார வெங்கடரமணன்.

“என்ன வித்தியாசம்?”

“சாதா ஊத்துனா வண்டி அங்கங்க இருமிக்கிட்டு நிக்கும். ஒசத்தி ஊத்துனா பேரையூர் வரைக்கும் ஒரே ஓட்டம். விலைதான் கூட.”

“விலை கிடக்குது. நடுவழியில நிக்காதுல்ல?”

“நிக்கவே நிக்காது.”

“அப்ப அதையே ஊத்து.”

ஒட்டுப்போட்ட வேட்டி கட்டியவர் மருமகனுக்கு இப்படி வாரி இறைப்பதைப் பார்த்து வெங்கடரமணனுக்கு மனசு இளகிவிட்டது. டின்னை நிரப்பி, கொசுறாகக் கொஞ்சம் விட்டான்.

“மாப்ள மேல எம்புட்டுப் பிரியம்ணே! விருந்துக்கு வந்திருக்காரா?”

“ஆமாப்பா, தலைதீபாவளி விருந்துக்கு. வண்டியில பெட்ரோல் இல்லைன்னு தங்கிட்டாரு. நேத்தோட வீட்டுல கோழி தீந்துபோச்சு.”

சுவரில் இருந்த காலண்டரை வெங்கடரமணன் திரும்பிப் பார்த்தான். மாசி பிறந்து பத்து நாளாகியிருந்தது.

“எப்பண்ணே ஊருக்குக் கிளம்புறாரு?”

உக்கிரபாண்டி டின்னைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்குத்தான். அவருக்கு இன்னும் தெரியாது.”