மாம்பலகை

கேப்டன் துரை அவன் கையில் தூரக்கண்ணாடியைத் திணித்தார். எங்கே அடித்தால் அந்தக் கப்பல் மூழ்கும் என்று கேட்டார்.

கண்ணாடி எதற்கு? கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. ஆணி ஆணியாக அவனுக்குத் தெரியும்.

பம்பாய்த் தேக்கில் கட்டிய போர்க்கப்பல். ஏழு வருஷம் அதில் இங்கிலீஷ்காரன் கொடிதான் பறந்தது. தச்சு வேலைக்கு அவனும் தங்கச்சி புருஷன் சவரிநாதனும்.

போன ஆடியில் பிரெஞ்சுக்காரன் பிடித்துக் கொடியை மாற்றிவிட்டான். அன்று தச்சர்களில் அவன் மட்டும் கடலில் குதித்துத் தப்பினான். சவரி மாட்டிக்கொண்டான். கைக்கு வந்த தச்சனை எவன் விடுவான்?

இப்போது அந்தக் கப்பல், அவன் இருக்கும் இந்த இங்கிலீஷ் கப்பலைப் பார்த்துச் சுடுகிறது.

இடப்பக்கம், நடுப் பாய்மரத்துக்கு நேர் கீழே, தண்ணீருக்குள் ஒரு முழம் இறங்கினால் ஒரு பலகை. திருகோணமலையில் கப்பல் பாறையில் மோதி ஓட்டை விழுந்தபோது, அடைக்கத் தேக்கு கிடைக்கவில்லை. இரண்டு பேருமாக மாம்பலகையை வைத்து அடித்து, தாரைப் பூசி மூடிவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

கப்பல் சாயும்போது அங்கே ஒரு குண்டு பட்டால் போதும். கதை முடிந்தது.

உள்ளே சவரி இருக்கிறான்.

அவன் கண்ணாடியைத் துரையிடமே திருப்பிக் கொடுத்தான்.

"பாய்மரத்தை அடிங்க, துரை. மத்ததெல்லாம் தேக்கு."

பாழாய்ப்போன மரம், விழ ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் இந்தப் பக்கம் நான்கு பேர் செத்தார்கள். காலையில் அவனோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள்.

பலகையைச் சொல்லியிருந்தால் நாலு பேரும் இருந்திருப்பார்கள்.

மரம் சாய்ந்ததும் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிச் சரணடைந்தான். அந்தக் கப்பலைக் கைப்பற்றப் புறப்பட்ட முதல் படகிலேயே தச்சனும் தொற்றிக்கொண்டு போனான்.

சவரி உயிரோடு இருந்தான். மேல்தளத்தில் கைதிகளோடு நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அவன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தான். சவரி ஓர் எட்டு பின்னால் நகர்ந்தான்.

"துரை பக்கத்துல உன்னைப் பார்த்ததுமே கீழ ஓடிட்டேன் மச்சான். எப்படியும் நீ சொல்லிருவேன்னு தெரியும். அந்தப் பலகைக்கு முதுகைக் குடுத்து இவ்வளவு நேரம் நின்னேன்."

முதுகெல்லாம் தார்.

"ஏன் அங்க அடிக்கலை?"

உனக்காகத்தான் என்று வாய்வரை வந்தது. கூடவே நான்கு பேர் முகமும் வந்தது.

"மறந்துபோச்சு மாப்ளே" என்றான்.