பதினேழாவது நிமிடம்

ஸ்கூபா டைவிங் வகுப்பில் சேர, முதலில் பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதந்து காட்ட வேண்டும். மூழ்குவதில் நான் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவன். போன வாரத் தேர்வில் நான்காவது நிமிடத்திலேயே கீழே போய்விட்டேன். இன்று கடைசி வாய்ப்பு. நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்ற பயிற்சியாளர் பிலோமினா, "கடிகாரத்தப் பாக்காதீங்க சார். ஆபீஸ்ல உங்கள யாரு ரொம்பப் படுத்துறாங்க? அதச் சொல்லுங்க" என்றார்.

மிதந்தபடியே மேனேஜர் தணிகாசலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்துச் சிரித்தது, பதினோரு வருடமாக என்னை வேறு யாருடைய பெயரிலோ கூப்பிடுவது.

"சார், பதினேழு நிமிஷம் ஆச்சு. பாஸ்! மேல வாங்க."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிகாசலத்தை மனதாரக் கும்பிட்டேன். "இருங்கம்மா, இன்னும் தீபாவளி லீவு கதைக்கே வரல."

பிலோமினா கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தார்.

"சரி, சொல்லுங்க."