கொட்டாத முடி

"ஒரு முடிகூடக் கொட்டலியே டாக்டரம்மா! அப்ப மருந்து வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?"

மாப்பிள்ளையின் வைத்தியத்துக்காக வந்திருந்த மாமனார், மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திர இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை. சும்மா பேசினாலே வராந்தாவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

டாக்டரம்மா, மாமனாரின் பக்கத்தில் நின்ற மகளை ஒரு பார்வை பார்த்தார். மகள் சுவரில் தொங்கிய காலண்டரை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி கொட்டணும்னு இல்லைங்க ஐயா" என்றார் டாக்டரம்மா, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"கொட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். மாப்பிள்ளையின் நெஞ்சுக்குள் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த அன்று, இடிந்துபோய் உட்கார்ந்திருந்த மாமனாருக்குப் படம் வரைந்தே விளக்கினார். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன், தன் உட்கருவில் உள்ளதை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அப்புறம் மெல்லிய இழைகள் கிளம்பி, பாதிப் பாதியாக இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். புற்றுநோய் செல்லுக்கு நிறுத்தவே தெரியாது, பிரிந்துகொண்டே இருக்கும். இந்த மருந்து அந்த இழைகளை உருவாக விடாது. பாதி வழியில் மாட்டிக்கொண்ட செல் செத்துப்போகும்.

"நூல் இல்லேன்னா தறி ஓடாது. அவ்வளவுதானே?" என்றார் மாமனார்.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. அதோடு விட்டிருக்கலாம். "முடியோட வேர்லயும் செல் வேகமாப் பிரியும். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாதே, அதையும் பிடிச்சுக்கும். அதனால முடி கொட்டும், பயப்படாதீங்க" என்றும் சொல்லிவைத்தார்.

மாமனார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூடியைத் திறக்காமலே, வெளியே தெரிகிற அடையாளத்தை வைத்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற ஃபிட்டர் அவர். இங்கே அடையாளம் முடி. கொட்டினால் மருந்து ஓடுகிறது, கொட்டாவிட்டால் ஓடவில்லை.

தினமும் காலையில் மகள் வீட்டுக்கு வந்துவிடுவார். "உடை மாத்தறாருப்பா" என்று மகள் சிறிது நேரம் கதவுக்கு வெளியே நிற்க வைப்பாள். உள்ளே போனதும் முதல் வேலையாகத் தலையணையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தேடுவார். ஒன்றும் இருக்காது. மாப்பிள்ளை இளைத்துத் துரும்பானார். வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார். அந்த நிலையிலும் முகத்தை மழமழவென்று வைத்திருக்கிறாரே என்று மாமனார் மெச்சிக்கொண்டார். தலையோ, கல்யாணத்தன்று பார்த்த அதே தலை. வகிடுகூடக் கலையவில்லை.

அந்தத் தலையைப் பார்த்துத்தான் பெண்ணையே கொடுத்தார். வழுக்கை என்றாலே அவருக்கு ஆகாது. அதற்கு முன் வந்த வரன்களில் இரண்டு பேரை, "நெத்தி எங்க முடியுதுன்னே தெரியல" என்று சொல்லித் தட்டிக்கழித்தவர். அதே மனிதர் இப்போது, மாப்பிள்ளைக்கு எப்படியாவது வழுக்கை விழுந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார்.

மருந்து எல்லாச் சுற்றும் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டி போயிடுச்சு. இருந்த இடமே தெரியல. வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்துங்க."

மகள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். மாமனார் மட்டும் அசையவில்லை.

"ரிப்போர்ட் மாறிப்போச்சு" என்றார்.

"இல்லைங்க ஐயா, இவரோடதுதான். நானே பார்த்தேன்."

"எப்படிம்மா நம்பறது? இவர்கூட மருந்து ஏத்திக்கிட்டவரு தலை முட்டையாயிடுச்சு, அவர் பிழைச்சுட்டாரு. இவருக்குத்தான் ஒண்ணும் கொட்டலியே! இன்னொரு சுத்து மருந்து ஏத்துங்க. அதுவரைக்கும் நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"அப்பா, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க..."

"நீ சும்மா இரு பாப்பா. எனக்கு ஆம்பளப் புள்ள கிடையாது டாக்டரம்மா. இவர்தான் எனக்கு எல்லாம்..."

இயந்திரத்தையே மிஞ்சிய அந்தக் குரல் இப்போது மேஜையைக்கூடத் தாண்டவில்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க" என்றாள் அவள், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வர. "இல்லேன்னா அப்பா உங்களை மறுபடியும் ஊசிக்குப் பிடிச்சுக் கொடுத்துடுவாரு."

"மாமா, கோவிச்சுக்காதீங்க" என்றார் மாப்பிள்ளை. "காதோரம் இருந்தது, பின்னாடி இருந்தது, தாடி, மீசை எல்லாம் ரெண்டாவது ஊசிக்கே கொட்டிடுச்சு. மேல இருந்தது மட்டும்தான் கொட்டல. ஏன்னா, அது நீங்க என்னை மாப்பிள்ளை பார்க்க வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

சொல்லிக்கொண்டே நெற்றியோரம் விரலை நுழைத்து, காதோரமும் பிடரியும் சேர்த்து மூடியிருந்த, வகிடு கலையாத அந்த முடியைத் தொப்பி மாதிரி கழற்றி மாமனாரின் மடியில் வைத்தார்.

மாமனார் மடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு எழுந்து மாப்பிள்ளையின் மண்டையைக் காதிலிருந்து காதுவரை தடவித் தடவித் தேடினார். ஒரு முடிகூடத் தட்டுப்படவில்லை.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று வராந்தா அதிரக் கூவி, பளபளத்த அந்த வழுக்கையின் நட்டநடுவில் அழுத்தமாக ஒரு முத்தம் வைத்தார்.