தேதியை மாற்றக்கூடியவர்

பாஸ்வேர்டைக் கொடுத்த அன்று மட்டாஞ்சேரி அலுவலகத்தில் இருந்தவர்கள்: மிளகு ஏற்றுமதி செய்யும் முதலாளி சிவசங்கரன், லேபிள் அடிக்கும் இசக்கிசெல்வி, கம்ப்யூட்டரைக் கவனிக்கும் நான். இன்றும் அதே மூவர்தான்.

பழைய மிளகு மூட்டைகளில் புதிய தேதி ஒட்டியிருந்ததால் சரக்கு திரும்பி வந்திருந்தது.

"எடோ, கம்ப்யூட்டர்ல தேதியை யாரு மாத்த முடியும்?"

"பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க மட்டும். வேற யாரும் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே பூட்டச் சொன்னீங்க?"

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும். செல்வி முன்னாடிதானே எழுதிக் கொடுத்தேன்?"

"எனக்கா! செல்வி, நீ கண்டியா?"

செல்வி தலை நிமிரவில்லை. "நான் எதையும் பாக்கலை, சார்."

"கேட்டியா? நீ கிளம்பு. இனி கம்ப்யூட்டரைச் செல்வி பாத்துக்கும்."

வெளியே வந்தேன். என் மனைவிதான் லேபிள் மேசையிலிருந்து எழுந்து வந்து, எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.