வாங்குகிறவரின் எடை

கழற்றிப் போட்டிருந்த பழைய ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் எண்ணெய் வடியத் தரையில் கிடந்தன. சோலையப்பன் ஊன்றுகோலின் நுனியால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐம்பது வருசத்து ஒரிஜினல். இதைப் போய் யாருப்பா மாத்தச் சொன்னது?"

"காரை வாங்குறவங்க சொன்னாங்க, அங்கிள்." காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் லோகனின் குரல் வந்தது.

கிள்ளான் மேரு சாலைக்குப் பின்னாலிருந்த அந்தப் பட்டறையில், இரண்டு லோரிகளுக்கு நடுவே அந்தப் பச்சை நிற எம்ஜி கார் இன்னும் சிறியதாகத் தெரிந்தது. சோலையப்பனின் மனைவி நாச்சம்மை சற்றுத் தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை.

போன வருடம் வந்த பக்கவாதம் அவரது இடது காலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. கிளட்சை மிதிக்க முடியாது.

"அதை வித்துடு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னவர் அவர்தான். ஆள் கிடைத்துவிட்டதாக நாச்சம்மை சொன்னபோது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கார் போன வாரமே பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து இங்கே வந்திருந்தது; பட்டறை ஆள் ஓட்டி வந்திருப்பான் என்று அவர் நினைத்துக்கொண்டார். வாங்குகிறவர் இன்று பட்டறைக்கு வருகிறார் என்றாள். கடைசியாக ஒருமுறை காரைப் பார்த்துவிடலாம் என்று அவரும் கிளம்பி வந்திருந்தார்.

"புதுசு நல்ல சாமான், அங்கிள். ஸ்பிரிங், ஆர்ம் எல்லாமே மாத்தியாச்சு. இனிமே குழியில விழுந்தாத் தெரியவே தெரியாது."

"தெரியணும்ப்பா. தெரியறதுக்குத்தான் இந்தக் காரு. மெத்து மெத்துன்னு போகணும்னா ஒரு மைவி காரு வாங்கிக்கச் சொல்லு."

"அவங்க வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல," என்றாள் நாச்சம்மை. "ரொம்பக் குலுங்கக் கூடாதாம்."

"அப்ப ஆம்புலன்ஸ்ல போகச் சொல்லு!"

காருக்கு அடியில் லோகன் சிரித்தார். நாச்சம்மை சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய டயர் கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோலையப்பன் பானெட்டின் மேல் கை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கேரி தீவு வரை போய், நண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய கார். இனி யாரோ ஒருவர், எதையும் உணராமல், அதே சாலையில் போவார்.

லோகன் சக்கரப் பலகையோடு வெளியே உருண்டு வந்தார்.

"எல்லாம் மாட்டியாச்சு. போல்ட்டுக்குக் கடைசி முறுக்குதான் பாக்கி. ஓட்டுறவங்க உள்ள உக்காரணும்."

சோலையப்பனுக்கு அது தெரியும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளும்; சீக்கிரமே கிழிந்துவிடும். கார் தரையில் நிற்க வேண்டும். ஆள் பாரம் உள்ளே இருக்க வேண்டும். அப்போதுதான் முறுக்க வேண்டும்.

இத்தனை காலமும் அந்த போல்ட்டுகள் இறுக்கப்பட்டது அவருடைய எடைக்குத்தான். ஒவ்வொரு முறையும் அவர்தான் உள்ளே ஏறி, அசையாமல், ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.

இனி வேறோர் உடம்புக்கு.

"வாங்குறவரு என்ன எடை இருப்பாரு?" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "வர்ற வரைக்கும் வேணும்னா நான் உக்காரட்டுமா?" என்று வலது கதவை நோக்கி ஓரடி வைத்தார்.

லோகன் நாச்சம்மையைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணவரைக் கடந்து போய், வலது கதவைத் திறந்து உள்ளே இறங்கினாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"நாச்சம்மை, என்ன பண்றே?"

"எடை குடுக்குறேன்."

சோலையப்பன் பட்டறை வாசலைப் பார்த்தார். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. யாரும் வரவில்லை.

நாச்சம்மை ஒரு பழைய புரோட்டான் காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு, பந்திங்கில் அவருடைய அம்மாவையும் பார்த்துவிட்டு வருவாள். இருபது வருடம் கியர் மாற்றிய கை அது. இந்தக் காரின் வலது இருக்கையில் மட்டும் அவர் ஒருநாளும் அவளை உட்காரச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.



"அந்தப் பக்கமும் ஒரு ஆள் ஏறணும், அங்கிள்," என்றார் லோகன். "ரெண்டு பேரு எடைக்குத்தான் ஆன்டி செட் பண்ணச் சொன்னாங்க."

லோகன் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். சோலையப்பன் சுற்றி வருவதற்குக் கொஞ்ச நேரமானது. முதலில் உடம்பை இறக்கினார். பிறகு இரண்டு கைகளாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

கார் மெல்லத் தாழ்ந்து, நின்றது.

லோகன் மறுபடி அடியில் புகுந்தார். ஸ்பேனர் கவ்வும் சத்தம் கேட்டது. இருவரும் முன் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளட்ச் ரொம்பக் கனமா இருக்கும்," என்றார் சோலையப்பன், திரும்பாமல். "உன்னால மிதிக்க முடியாது."

"பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து கிள்ளானுக்கு இது தானாவா வந்துச்சு?"

சோலையப்பன் திரும்பி, கிளட்சின் மேலிருந்த அவள் காலைப் பார்த்தார்.

பிறகு அடியிலிருந்து லோகன் கத்தினார். "அங்கிள், சிரிக்காதீங்க லா. வண்டி ஆடுது!"