கழற்றிப் போட்ட பிரேக்

"அவன் வீட்டுல தனியா இருக்கிற நேரம் பாத்துச் சொல்லு. நான் வர்றது மட்டும் அவனுக்குத் தெரியக்கூடாது."

கராஜுக்குள் சிவஞானம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பிளேன்டி கொண்டுபோன அவர் மனைவி விஜயலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். பாதித் தேத்தண்ணி வாசலிலேயே கொட்டிவிட்டது.

அவன் என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. மகனுடைய கூட்டாளி ஜெயரூபன். போன வருஷம் தெமோதரை வளைவில் இந்த வீட்டு பைக்கை ஓட்டிக்கொண்டு போனவன். பின்னால் உட்கார்ந்திருந்த அவர்களுடைய ஒரே பிள்ளை பார்த்தீபன் பெட்டியில் வந்தான். ஓட்டிப் போனவன் பிழைத்துக்கொண்டான்.

எதிரே வந்த லொறி மேல்தான் பிழை என்று பொலிஸ் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. "என் புள்ள போன மாதிரியே அவனும் அதே பைக்குல போகணும்!" என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கத்தினாள். அதற்குப் பிறகு அவனை அவள் பார்க்கவே இல்லை. யாராவது அவன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். தோட்டத்தில் எல்லாரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

சிவஞானம் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் பார்க்கிறவர். மகன் போன நாளிலிருந்து அவர் வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், நொறுங்கிக் கிடந்த பைக்கின் மேல் போட்டிருந்த படங்கை இழுத்து எறிந்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

நாற்பது வயதைத் தாண்டிய ஹொண்டா அது. கலியாணமான புதிதில் அப்புத்தளையில் ஒரு தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையாவிடம் வாங்கியது. ஸ்டோர் வேலை முடிந்து வந்தால் நேரே கராஜ்தான். வளைந்த முன்பக்கத்தை நிமிர்த்தினார், எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார், சீட்டைத் தாழ்த்தி வைத்தார். வலது கைப்பிடியில் ஒன்றுக்கு இரண்டாக லீவர் மாட்டினார். கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. பெட்ரோல் டேங்கில் விழுந்த பள்ளத்தை மட்டும் தொடவில்லை.

"அதையும் தட்டி எடுத்திடலாமேங்க."

"இருக்கட்டும். ஓட்டுறவனுக்கு ஞாபகம் இருக்கணும்."

"யாரு ஓட்டப் போறா?"

அவர் ஸ்பெனரைத் துடைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது கராஜ் திறந்து கிடந்தது. பைக் இல்லை. மூலையில் கழிவு எண்ணெய் டின்னுக்குள் ஏதோ இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். வலது காலால் மிதிக்கிற பிரேக்.

அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இருபது வருஷம் அவர் பின்னால் உட்கார்ந்து எத்தனை இறக்கம் இறங்கியிருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இதைத்தான் மிதிக்கும்.

"ஸ்டோரு லொறியில ஏத்திக்கிட்டு ஹாலிஎலப் பக்கம் போனாரு" என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி. "ஓட்டிக்கிட்டுப் போகலாமேன்னு கேட்டேன். இத ஓட்ட வேண்டியவன் வேற ஆளுன்னாரு."

விஜயலெட்சுமி கையிலிருந்த பிரேக்கைக் கீழே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். ஹாலிஎலையில் மேட்டின் உச்சியில்தான் ஜெயரூபன் தங்கியிருக்கிற அவன் அத்தை வீடு. வாசலைத் தாண்டினால் நேர் இறக்கம், கீழே மெயின் ரோடு.

வாடகைக்கு ஓட்டுகிற ஹுமைத்தின் த்ரீவீலில் ஏறினாள். "வேகமா விடு தம்பி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. சிவஞானத்துக்கு எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. சாவு வீட்டில் தான் கத்தியது, தன் குரலிலேயே, அவளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவள் கேட்டதைத்தான் அவர் செய்யப் போகிறார். அந்தப் பயலுக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

மேட்டில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஆள் தெரிவதற்கு முன்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. த்ரீவீல் நிற்கும் முன்பே அவள் குதித்து ஓடினாள்.

ஜெயரூபன் பைக்கில் ஏறிவிட்டான். தாடி வளர்ந்து, பாதியாக இளைத்திருந்தான். இடது காலைத் தரையில் ஊன்றியிருந்தான். அந்தப் பக்கம் நின்ற சிவஞானத்தின் கை அவன் முதுகில் இருந்தது. தள்ளிவிடுவதற்கு வைத்த கை போலத்தான் அவளுக்குப் பட்டது.

அவள் பாய்ந்துபோய்ப் பைக்கின் முன்னால் நின்று விளக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "எறங்குடா! எறங்கிடு சாமி!"

"லெட்சுமி, நீ எப்பிடி இங்க..."

"பேசாதீங்க! எனக்கு ஒரு புள்ள போனது போதும்!" மூச்சு வாங்க ஜெயரூபனைப் பார்த்தாள். "நான்தான்டா சாபம் விட்டேன். நான் சொன்னதத்தான் இவரு செய்றாரு. இதுல கால் பிரேக்கு இல்லடா, கழட்டிப் போட்டுட்டாரு!"

ஜெயரூபன் எஞ்சினை நிறுத்தினான். சிவஞானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கேட்காத அவள் குரலைக் கேட்டதில் பையனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பிரேக்க கைக்கு மாத்தித் தந்திருக்காரும்மா" என்றான். "மிதிக்கிறதுக்கு எனக்கு வலது கால் இல்லியே."